ஆடாதவர்களின் பயிற்சியாளர்

கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்குக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது சற்றுப் புதிராகவே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒவ்வோர் ஓவருக்கு இடையிலும் கேப்டன் யோசிக்கலாம், ஃபீல்டரை நகர்த்தலாம், பந்துவீச்சாளரை மாற்றலாம். பயிற்சியாளர் பெவிலியனில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாலும் ஆட்டம் நடந்துவிடும். கால்பந்தில் கேப்டனின் கையில் பட்டை இருக்கிறதே தவிர அந்த அதிகாரம் இல்லை. யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, எப்போது வெளியே வருவது ஆகிய மூன்றையும் முடிவு செய்பவர் கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்தான். ஆனால் நடுவர் விசில் ஊதிய பிறகு அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. கூடைப்பந்தைப்போல நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்த முடியாது. 15 நிமிட இடைவேளை ஒன்றும், சில மாற்று ஆட்டக்காரர்களும் மட்டுமே அவர் வசம் உள்ளன. உலகக் கோப்பையில் 1970 வரை அந்த மாற்று ஆட்டக்காரர்கள்கூட இல்லை. காலொடிந்தாலும் பத்துப் பேருடன்தான் ஆட வேண்டியிருந்தது.

ஆகவே பயிற்சியாளரின் தலைமைப் பண்பு பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி இடைவேளைப் பேச்சைப் பற்றியதாக இருப்பதில் வியப்பில்லை. நம் நாட்டிலும் அந்த மரபு உண்டு. 1970-களில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கும் பின்னர் மோகன் பகான் அணிக்கும் பயிற்சியாளராக இருந்த பி.கே. பானர்ஜியின் சொற்பொழிவுகளுக்குக் கொல்கத்தாவில் ‘வோக்கல் டானிக்’ (குரல் மருந்து) என்றே பெயர். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் அவரது ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தியதை அந்நகரம் இன்றும் பேசுகிறது. பேச்சுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேசுபவரை ஏற்கெனவே நம்புகிற அணியிடம்தான் பேச்சு எடுபடுகிறது. அந்த நம்பிக்கை எங்கே உருவாகிறது என்று தேடிப் பார்த்தால், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்திற்கு, அதிலும் குறிப்பாகத் தேர்ந்தெடுக்கப்படாதவர்களை அவர் நடத்தும் விதத்திற்கு வந்து சேர்கிறோம்.

கணக்கு எளியது. உலகக் கோப்பைக்கு இப்போது 26 பேரை அழைத்துச் செல்லலாம். களத்தில் இறங்குபவர்கள் 11 பேர். அப்படியானால் எந்த ஆட்டத்திலும் மனம் நிறைந்தவர்களைவிட மனம் குறைந்தவர்களே அணியில் அதிகம். அந்த 15 பேரில் தான் ஆடத் தகுதியற்றவன் என்று நினைப்பவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். அப்படி நினைப்பவர் அந்த நிலைக்கு உயர்ந்திருக்கவே முடியாது. களத்தில் நிற்கும் பதினொரு பேரும் இந்தப் பதினைந்து பேரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஏனெனில் அடுத்த வாரம் அந்த வரிசையில் தாங்களும் உட்கார நேரலாம்.

தேர்ந்தெடுக்கும் உரிமையே பயிற்சியாளருக்கு இல்லாதிருந்த காலமும் உண்டு. இங்கிலாந்து தேசிய அணிக்கு 1946 முதல் 1962 வரை பொறுப்பு வகித்த வால்டர் விண்டர்பாட்டம் கற்றறிந்தவர், பயிற்சி முறைகளில் முன்னோடி. ஆயினும் அணியைத் தேர்வு செய்தது கால்பந்துச் சங்கத்தின் தேர்வுக் குழு. குழு கொடுத்த பதினொரு பேரை வைத்து அவர் ஆட வேண்டும், தோற்றால் பழியையும் அவரே சுமக்க வேண்டும். அவருக்குப் பின் 1963-இல் பொறுப்பேற்ற ஆல்ஃப் ராம்சே முதலில் வைத்த நிபந்தனை, அணியை நான் மட்டுமே தேர்ந்தெடுப்பேன் என்பதுதான். சம்பளத்தையோ பதவிக் காலத்தையோ பற்றிய பேரத்தைவிட இந்த ஒரு நிபந்தனையே மூன்றாண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத்தந்தது என்று நான் கருதுகிறேன்.

1966-இல் அவர் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். குழு ஆட்டங்கள் மூன்றிலும் ஆட்டத்திற்கு ஒருவராக மூன்று விங்கர்களை, அதாவது பக்கக் கோட்டையொட்டி ஓடித் தாக்குபவர்களை, சோதித்துப் பார்த்தார். உருகுவேக்கு எதிராக ஜான் கானலி, மெக்சிகோவுக்கு எதிராக டெர்ரி பெயின், பிரான்சுக்கு எதிராக இயன் கேலகன். பிறகு மூவரையுமே விட்டுவிட்டு விங்கர்களே இல்லாத அணியுடன் காலிறுதிக்குச் சென்றார். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் நாபி ஸ்டைல்ஸ் ஒருவரைக் கடுமையாக மோதி வீழ்த்தியபோது, அவரை அடுத்த ஆட்டத்தில் இறக்கத்தான் வேண்டுமா என்று சங்கத்து அதிகாரிகள் கேட்டனர். ஸ்டைல்ஸ் போனால் நானும் போவேன் என்பதே ராம்சேயின் பதிலாக இருந்தது. சொந்த நாட்டில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கையில், காலிறுதிக்கு முன்பு, பயிற்சியாளர் தன் பதவியை ஓர் ஆட்டக்காரருக்காகப் பணயம் வைப்பதை மற்ற இருபத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடச் சிறந்த சொற்பொழிவு ஒன்றை அவரால் ஆற்றியிருக்க முடியாது, அவர் பேச்சாற்றல் மிக்கவரும் அல்லர்.

அதே பிரான்சு ஆட்டத்தில்தான் ஜிம்மி கிரீவ்ஸின் முழங்காலுக்குக் கீழே ஆழமான காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்களில் 44 கோல் அடித்தவர், அந்நாட்டின் அன்றைய மிகச் சிறந்த கோல் அடிப்பாளர். அவருக்குப் பதில் வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் அர்ஜென்டினாவுக்கு எதிரான காலிறுதியின் ஒரே கோலை அடித்தார். இறுதியாட்டத்திற்குள் கிரீவ்ஸ் குணமடைந்துவிட்டார். மாற்று ஆட்டக்காரர் விதி இல்லாத காலம் என்பதால் இருவரில் ஒருவரை வெளியே நிறுத்தித்தான் ஆக வேண்டும். வென்ற அணியைக் கலைப்பதில்லை என்று ராம்சே முடிவு செய்தார். ஹர்ஸ்ட் மூன்று கோல் அடித்து 4-2 என்ற வெற்றிக்குக் காரணமானார். முடிவு சரியாக அமைந்துவிட்டதால் அது எளிதான முடிவு என்று இப்போது தோன்றுகிறது. ஹர்ஸ்ட் அன்று ஒரு கோலும் அடிக்காமல் இங்கிலாந்து தோற்றிருந்தால், கிரீவ்ஸை உட்கார வைத்தவர் என்றே ராம்சே இன்றளவும் அறியப்பட்டிருப்பார். அதையும் அறிந்தே அவர் அதைச் செய்தார். 89-ஆம் நிமிடத்தில் மேற்கு ஜெர்மனி சமன் செய்து, ஆட்டம் கூடுதல் நேரத்திற்குச் சென்றபோது, களைத்துப் புல்லில் கிடந்தவர்களிடம் அவர் சொன்னது ஓரிரு வாக்கியங்கள்தாம்: ஒருமுறை வென்றுவிட்டீர்கள், இப்போது இன்னொருமுறை வெல்லுங்கள் என்பதும், எழுந்து நில்லுங்கள் என்பதும். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

கிரீவ்ஸ் அதன்பின் இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டங்களே ஆடினார். அன்று களத்தில் நின்ற பதினொரு பேருக்கு மட்டுமே பதக்கம் தரும் வழக்கம் இருந்ததால், அவருக்கும் அணியில் இருந்த மற்றவர்களுக்கும் பதக்கம் கிடைத்தது 2009-இல்தான். ராம்சேக்கும் அன்று பதக்கம் இல்லை. அவருக்கு உரியது அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து அவர் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். மான்செஸ்டர் யுனைடெட்டில் 26 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர், 13 முறை லீக் பட்டத்தை வென்றவர் என்பதெல்லாம் அனைவரும் அறிந்ததே. நான் பார்க்க விரும்புவது, ஒரே வகையான முடிவை அவர் 18 ஆண்டு இடைவெளியில் இருமுறை எடுத்ததையும், இரண்டும் இருவேறு விதமாக முடிந்ததையும்.

முதலாவது 1990-இல். 1986 நவம்பரில் வந்தவருக்கு அதுவரை ஒரு கோப்பையும் இல்லை. அந்தப் பருவத்தில் லீக்கில் யுனைடெட் 13-ஆம் இடத்தில் முடித்திருந்தது. இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் கிரிஸ்டல் பேலஸுடன் 3-3 என்று சமன் ஆனது. ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டன், ஃபெர்குசன் ஸ்காட்லாந்தின் அபர்தீன் அணியில் இருந்தபோதே அவரிடம் ஆடியவர். 1983-இல் கோதன்பர்க்கில் ரியல் மாட்ரிட்டை வென்று ஐரோப்பியக் கோப்பைவென்றோர் கோப்பையைக் கைப்பற்றிய அணியின் கோல்கீப்பர். 1988-இல் மான்செஸ்டருக்கு ஃபெர்குசனே அழைத்து வந்தவர். அந்த லெய்ட்டனை மறு ஆட்டத்தில் நீக்கிவிட்டு, லூட்டனிலிருந்து தற்காலிகமாக வந்திருந்த லெஸ் சீலியை நிறுத்தினார். 1-0 என்று யுனைடெட் வென்றது. மான்செஸ்டரில் ஃபெர்குசனின் முதல் கோப்பை அது. அது இல்லாமற்போயிருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்குமா என்பது ஐயமே. சீலி தன் பதக்கத்தை லெய்ட்டனுக்குக் கொடுக்க முன்வந்தார், லெய்ட்டன் ஏற்கவில்லை. ஃபெர்குசனுடனான உறவு அன்றோடு முறிந்தது.

ஆட்டக் கணக்கில் அந்த முடிவைக் குறை சொல்வது கடினம். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியிருந்த லெய்ட்டன் தன்னம்பிக்கை இழந்திருந்தார் என்பது பலரும் கண்டதே. ஆயினும் நான் இதில் காண்பது, சரியான முடிவும் ஒரு மனிதரை உடைத்துப்போடக்கூடும் என்பதைத்தான். அவர் ஆட்டத்தில் முடிந்துபோனவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஹைபர்னியன் அணியில் மீண்டெழுந்து, 1998 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கோலைக் காத்தபோது அவருக்கு வயது 39.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஃபெர்குசன் யாரையும் விட்டுக்கொடுக்கத் தயங்காதவராகவே இருந்தார். 1995 கோடையில் பால் இன்ஸ், மார்க் ஹ்யூஸ், ஆந்த்ரே கன்செல்ஸ்கிஸ் மூவரையும் அனுப்பிவிட்டு, பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் என்று இளைஞர்களை இறக்கினார். முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும், சிறுவர்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சியில் ஆலன் ஹேன்சன் சொன்ன தீர்ப்பு புகழ்பெற்றது. அந்தப் பருவத்திலேயே லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் யுனைடெட் வென்றது. அதே கோடையில்தான், பார்வையாளர் ஒருவரை எகிறி உதைத்துத் தடைபெற்று, வெறுத்துப்போய் பிரான்சுக்குத் திரும்பிவிட்டிருந்த அணியின் நட்சத்திரம் எரிக் கன்டோனாவைச் சமாதானப்படுத்த ஃபெர்குசனே பாரிஸுக்குச் சென்றார். மூவரை அனுப்பியவர் ஒருவரைத் தேடிப் போகிறார். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்ற கொள்கை கேட்பதற்கு நன்றாக இருக்கும்; நான் அறிந்தவரை பெரிய பயிற்சியாளர் எவரும் அதைக் கடைப்பிடித்ததில்லை. அணி அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், கன்டோனாவுக்குக் காட்டப்பட்ட சலுகையின் பலன் எல்லோருக்கும் கிடைத்தது என்பதே. சலுகை பெறுபவர் கோல் அடிக்காத நாளில் அந்தப் பொறுமை தீர்ந்துபோகும்.

இனி 2008. ஐரோப்பிய கிளப் அணிகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டம், மாஸ்கோவில் செல்சிக்கு எதிராக. தென்கொரியாவின் பார்க் ஜி-சுங் பார்சிலோனாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, ஓயாமல் ஓடி, அணியை இறுதிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஃபெர்குசன் அவரைத் தொடக்கப் பதினொருவரில் மட்டுமல்ல, மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலிலும் சேர்க்கவில்லை. கோட்டு அணிந்து பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார் பார்க். யுனைடெட் பெனால்டியில் வென்றது. கொரியாவில் விடிய விடிய விழித்திருந்தவர்களின் ஏமாற்றத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பார்க் விலகவில்லை. அடுத்த ஆண்டு ரோமிலும், 2011-இல் வெம்ப்ளியிலும், யுனைடெட் ஆடிய இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே ஆடினார். 2012 வரை அந்த அணியிலேயே இருந்தார்.

லெய்ட்டனுக்கு நேர்ந்தது பார்க்குக்கு ஏன் நேரவில்லை? பார்க்கின் இயல்பு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. கோல்கீப்பரின் நிலை வேறு என்பது இன்னொன்று. ஓர் இடம்தான் உண்டு, அதை இழந்தவருக்கு வேறு மூலை கிடையாது. ஆனால் ஃபெர்குசனும் மாறியிருந்தார் என்றே நினைக்கிறேன். 2013-இல் ஓய்வு பெற்ற பின் ஹார்வர்டு பேராசிரியர் அனிதா எல்பர்ஸிடம் பேசுகையில், ஓர் ஆட்டக்காரரை நீக்கும் செய்தியைத் தனியே அழைத்துச் சொல்வதே தன் வழக்கம் என்றும், நான் தவறு செய்துகொண்டிருக்கலாம், ஆனால் இன்றைக்கு இதுதான் சிறந்த அணி என்று எண்ணுகிறேன் என்று சொல்வதுண்டு என்றும், இது இந்த ஆட்டத்திற்கான உத்தி மட்டுமே, இதைவிடப் பெரிய ஆட்டங்கள் வரவிருக்கின்றன என்று தெம்பூட்டுவதுண்டு என்றும் அவர் விளக்கியிருக்கிறார். உலகமே கடுமையானவர் என்று எண்ணிய ஒருவர், தவறு செய்துகொண்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார் என்பது எனக்கு முதலில் நம்பக் கடினமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த வாக்கியம் முடிவைச் சற்றும் தளர்த்துவதில்லை. கேட்பவரின் மதிப்பை மட்டும் காப்பாற்றுகிறது. பெரிய ஆட்டங்கள் வரவிருக்கின்றன என்ற வாக்கை ரோமில் நிறைவேற்றியும் காட்டினார். நிறைவேற்றாமல் இதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியாளரின் பேச்சை ஆட்டக்காரர்கள் இரண்டாம் பருவத்திலேயே கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

முன்கூட்டிச் சொல்லாமலே விட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2014 உலகக் கோப்பையில் உண்டு. கோஸ்டா ரிகாவுக்கு எதிரான காலிறுதி பெனால்டிக்குச் செல்லும் தறுவாயில் நெதர்லாந்தின் லூயி வான் கால், கோல்கீப்பர் யாஸ்பர் சிலெசனை வெளியே எடுத்து டிம் க்ருலை அனுப்பினார். க்ருல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. இந்தத் திட்டம் க்ருலுக்கு முன்பே தெரியும், சிலெசனுக்குத் தெரியாது; ஆட்டத்திற்கான அவரது மனநிலை கெடக் கூடாது என்பதற்காக மறைத்ததாக வான் கால் சொன்னார். வெளியே வந்த சிலெசன் ஆத்திரத்தில் தண்ணீர் பாட்டிலை உதைத்தார். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவுடனும் ஆட்டம் பெனால்டிக்குப் போயிற்று. வான் கால் மூன்று மாற்றங்களையும் செய்து முடித்திருந்ததால் இம்முறை சிலெசனே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு பெனால்டியையும் அவரால் தடுக்க முடியவில்லை. க்ருல் வந்ததால்தான் சிலெசன் தோற்றார் என்று நிறுவ வழியில்லை. ஆனால் பெனால்டிக்கு நீ ஏற்றவன் அல்லன் என்று உலகின் முன் அறிவிக்கப்பட்ட ஒருவரையே நான்கு நாளில் பெனால்டிக்கு நிறுத்த நேர்ந்தது, அந்த மேதைமையான மாற்றத்தின் விலையாகக் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லி, அதிலும் கொடுமை செய்தவர் பிரையன் கிளஃப். 1979 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியாட்டத்திற்கு முன் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டில் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த மூவரை அழைத்து உடல்நிலை எப்படி என்று கேட்டார். ஃபிராங்க் கிளார்க், மார்ட்டின் ஓ’நீல், ஆர்ச்சி ஜெமில் மூவரும் நன்றாக இருக்கிறோம் என்றனர். கிளார்க்கை ஆட்டத்தில் சேர்த்துவிட்டு, மற்ற இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். ஃபாரஸ்ட் மால்மோவை 1-0 என்று வென்றது. மனம் கசந்த ஜெமில் சில மாதங்களிலேயே வேறு அணிக்குப் போனார். ஓ’நீல் தங்கி, மறு ஆண்டு இறுதியாட்டத்தில் ஆடி வென்றார். ஐந்தாண்டுக்கு முன் லீட்ஸ் யுனைடெட்டில் இதே கிளஃப் 44 நாள்தான் தாக்குப்பிடித்தார். முந்தைய பருவத்தின் சாம்பியன்களிடம், நீங்கள் வென்ற பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னவருக்கு வேறென்ன நடக்கும். ஃபாரஸ்டில் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள், காரணம் இரண்டாம் டிவிஷனில் கிடந்த அந்த அணியை மேலே கொண்டுவந்தவர் அவரும் துணைப் பயிற்சியாளர் பீட்டர் டெய்லரும். லீட்ஸுக்கு டெய்லர் வரவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டின் சையது அப்துல் ரஹீமைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இந்திய அணிக்குப் பயிற்சியாளர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் 4-1 என்று வென்றாலும், தற்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அடிபட்ட தலையோடு பின்களத்தில் நின்று பந்தை முட்டி அனுப்புவது எளிதல்ல. வேறொருவராக இருந்தால் அவரை ஓய்வெடுக்க விட்டிருப்பார். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைலும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது.

அந்த இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடிப் பெயர் பெற்றவர், உயரமானவர். உடல்நலமில்லாமல் இருந்த அவர் இறுதியாட்டத்திற்கு அணிக்குத் திரும்பியபோது, அதுவரை நன்றாகவே ஆடியிருந்த இளைய கோல்கீப்பர் பிரத்யுத் பர்மன் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. வென்ற அணியைக் கலைக்கக் கூடாது என்று ராம்சே நான்காண்டு கழித்து எடுத்த முடிவுக்கு இது நேர் எதிரானது. இதுவும் சரியாகவே அமைந்தது. அதனால்தான் பயிற்சியாளர்களின் வெற்றிகளைப் பார்த்து விதிகள் எழுதுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இருவரிடமும் பொதுவாக இருந்தது, முடிவின் பழியை வேறு யார் மீதும் போடாத தன்மை. ஜகார்த்தாவில் இந்திய அணிக்கு எதிராக அரங்கமே கூச்சலிட்டது. இஸ்ரேலும் தைவானும் அந்தப் போட்டியில் சேர்க்கப்படாததைக் கண்டித்த இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தியின் மீதான கோபம் அது. இறுதியாட்டத்திற்கு முன் ரஹீம் தன் ஆட்களிடம் நீண்ட சொற்பொழிவு எதுவும் ஆற்றாமல், எனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளை தங்கத்தை வென்று தாருங்கள் என்று கேட்டுக்கொண்டதாக அவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1963 ஜூனில் அவர் இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.

இவ்வளவு பெரிய பெயர்களுக்கு நடுவே என் சிறிய அனுபவத்தை நுழைக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மாலை வேளைகளில் பள்ளிச் சிறுவர்களுக்குக் கால்பந்து பயிற்சி அளித்துவருகிறேன். குறுவட்டப் போட்டிக்கான அணிப் பட்டியலைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிப்போடுவது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். பெயர் இல்லாத பையன் அதை நண்பர்கள் சூழ நின்று படிப்பான். நான் பலகையில் எழுதுவதற்கு முதல் நாள் மாலையே, இடம் கிடைக்காதவர்களிடம் முதலில் பேசிவிடுகிறேன். காரணத்தைக் கால்பந்தின் மொழியிலேயே சொல்கிறேன்: இடது காலால் பந்தைக் கொடுக்கத் தயங்குகிறாய், திரும்பி ஓடி வர நேரமாகிறது, இப்படி. நன்றாகத்தான் ஆடுகிறாய், ஆனாலும் என்று தொடங்கும் பேச்சு பையன்களிடம் எடுபடுவதில்லை, அதன் பின்பாதியை மட்டுமே அவர்கள் கேட்பார்கள். சிலர் அழுவார்கள், சிலர் அடுத்த நாள் வரமாட்டார்கள். பெரும்பாலானோர் ஓரிரு நாளில் திரும்பி வந்து, எந்தக் காலால் பந்தைத் தட்டிப் பழக வேண்டும் என்று கேட்கிறார்கள். பெற்றோர் கேட்கும் கேள்விகள் வேறு வகை. அவற்றுக்கு இங்கே இடமில்லை.

வெளியே உட்கார்ந்திருப்பவர்களை ஒரு பயிற்சியாளர் எவ்வளவு தூரம் தன்னோடு வைத்திருக்க முடியும் என்பதற்கு நான் கண்ட மிகச் சிறந்த காட்சி 2022 மே 4 அன்று மாட்ரிட்டில் நடந்தது. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் ரியல் மாட்ரிட் பின்தங்கியிருந்தபோது அதன் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலாட்டி தன் நடுகளத்தின் மூன்று பெரியவர்களையும் வெளியே எடுத்தார்: 68-ஆம் நிமிடத்தில் டோனி குரூஸ், 75-இல் லூக்கா மோட்ரிச்சும் காசெமிரோவும். குரூஸின் இடத்திற்கு வந்த 21 வயது ரோட்ரிகோ ஆட்டத்தின் கடைசித் தருணத்தில் ஒன்றரை நிமிடத்திற்குள் இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்திற்கு இழுத்தார். பென்சிமா பெனால்டியில் கோல் அடித்து ரியலை முன்னே கொண்டுபோன பின், அடுத்து யாரை இறக்குவது என்று ஆன்செலாட்டி பெஞ்சின் அருகே குரூஸிடமும், அன்று இறக்கப்படவே இல்லாத மார்செலோவிடமும் கேட்டு ஆலோசித்துக்கொண்டிருந்ததைக் கேமரா பிடித்தது. நீக்கப்பட்ட கோபத்தில் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகம் திருப்பியிருக்க வேண்டிய ஒருவர், விரல் நீட்டி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆன்செலாட்டி அதிர்ஷ்டக்காரர், நல்ல ஆட்டக்காரர்கள் வாய்த்ததால் வென்றார் என்று சொல்வோர் உண்டு. பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்ற ஒரே மனிதரைப் பற்றி அப்படிச் சொல்வதே வேடிக்கை. நல்ல ஆட்டக்காரர்கள் வாய்த்த அணிகள் பல உள்ளன. அவற்றில் பலவற்றின் பெஞ்சுகளைப் பார்த்தால், பயிற்சியாளருக்கும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையே இருப்பதில்லை. அன்று சிட்டியின் பக்கம் பெப் கார்டியோலா தனியே நின்று கையசைத்துக் கத்திக்கொண்டிருந்தார், அவரும் தலைசிறந்த பயிற்சியாளர்தான். ஆன்செலாட்டி அந்த யோசனையை அப்படியே ஏற்றாரா, கேட்டதோடு சரியா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. 32 வயதில், ஓர் அரையிறுதியில், சிறுவன் ஒருவனுக்காக வெளியே அழைக்கப்பட்ட குரூஸ் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லும் மனநிலையில் இருந்தார். அது அந்த ஒரு மாலையில் வந்திருக்க முடியாது.